வடிவக்கா ரூல்

தப்பா நெனைச்சுக்காதம்மா. அடுத்தவ போனை எட்டிப் பாக்குற பழக்கம் எனக்குச் சத்தியமா கெடையாது. ஆனா இப்ப நீ ஒரு பிள்ளைக்கு 'போடி எருமை'ன்னு அனுப்புனேல்லா, அது கண்ணுல பட்டுட்டு. பட்டதும் வெரல் தானா அசைஞ்சிட்டு. பச்சையை அமுக்கப் போயிட்டேன், ஒன் போன்ல பட்டனே இல்லாம! தொழில் பழக்கம், வேற ஒண்ணுமில்ல. கூடப் படிச்ச பிள்ளையா? அதான பாத்தேன். அவ முன்னாடியே ஒன்னையக் கொரங்குன்னிருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருங்க. பச்சைதான்.

என்ன தொழில்னா கேக்கே? அதைச் சொன்னா யாருக்கும் புரிய மாட்டேங்கு. எங்க வீட்டுக்காரவுக மூணு வருஷமா 'டைப்பிங்'ன்னுதான் ஊருக்குள்ள சொல்லுதாவ. அம்பை மார்க்கெட்ல ஒரு ஜவுளிக்கடை மாடியில எங்க ஆபீஸ். கீழ சேலை, மேல கம்ப்யூட்டர். முப்பது பேர் இருக்கோம், அதுல இருபத்தாறு பொம்பளை. கம்பெனி பேரைச் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காவ, அதனால அதை மட்டும் கேக்காத.

சனங்க வீடியோவுக்குக் கீழயும் போட்டோவுக்குக் கீழயும் கமெண்ட் போடுதாவல்லா, அதை எங்களுக்குக் காட்டும். ஒண்ணு ஒண்ணாத்தான் வரும். போட்டவன் பேர் கெடையாது, படம் கெடையாது, யாருக்குப் போட்டான்னும் கெடையாது. வெறும் பேச்சு மட்டும். கீழ ரெண்டு பட்டன். பச்சைன்னா பரவால்ல, போகட்டும். செவப்புன்னா ஒருத்தரை வதைக்கிற பேச்சு, நிறுத்து. அமுக்கினா அடுத்தது வந்து நிக்கும். ஒரே கமெண்டை மூணு பேர் பாப்போம். ரெண்டு பேர் எந்தப் பக்கமோ அதான் தீர்ப்பு. அதைப் பாத்துப் பாத்து மிஷின் படிச்சுக்கிடும், நாளைக்கு நாங்க இல்லாம அதுவே பச்சை செவப்பு போடும். ஆக நாங்க மிஷினுக்கு டீச்சருங்க. ஒரு நாளைக்கு ஆயிரத்தி இருநூறு கமெண்ட் பாப்பேன் நான். நிதானமா உக்காந்து யோசிக்க நேரம் ஏது? டக்கு டக்குன்னு போயிட்டே இருக்கணும்.

அந்த ஆபீஸ்ல என் பேர்ல ஒரு ரூலே இருந்துச்சும்மா. 'வடிவக்கா ரூல்'னு. இருந்துச்சுங்கேன் பாரு! போன வியாழக்கிழமை தூக்கிட்டாவ. அந்த வயித்தெரிச்சலோடதான் இப்பப் பாளையங்கோட்டைக்குப் போயிட்டிருக்கேன். எங்க அண்ணன் மக மதி அங்க காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. அவ போன்ல ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும், என் ரூல் திரும்பி வந்துரும். அப்படியே அவ என் மவனைக் கட்டிக்கிடவும் சம்மதம் வாங்கிட்டு வந்துரணும். ஒரே பஸ்ஸு, ரெண்டு சோலி. நடக்குமாங்கியா? தூக்கி வளத்த அத்தைம்மா நான். எனக்கு மாட்டேன்னுருவாளா?

மொதல்ல இருந்து சொல்லுதேன், அப்பத்தான் ஒனக்கு ஞாயம் தெரியும். இன்னும் கல்லிடைக்குறிச்சியே தாண்டல, நேரம் கெடக்கு.

நான் சேந்த புதுசுல அந்த மிஷின் எங்க ஊர்ப் பேச்சைக் கண்டாலே அரண்டு போகும். நீ சேலம், ஒனக்குத் தெரியாது. இங்க பிரியம் கூடக் கூட ஏச்சும் கூடும். ஒருத்தன் பொறந்தநாளுக்கு அவன் சேக்காளி 'செத்த மூதி, நூறு வருஷம் நல்லா இருலே'ன்னு போட்டிருக்கான். மிஷின் செவப்பைப் போட்டுட்டு! அந்தப் பையன் மூணு நாளைக்கு ஒண்ணும் எழுத முடியாது, வாயடைப்பு. ஒரு பொம்பளை, தங்கச்சிக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்த சந்தோசத்துல 'ஏ கோட்டிக்காரி, ஒண்ணு போதும்னியேட்டி'ன்னு எழுதியிருக்கா. அதுக்கும் செவப்பு. அதே சமயம் எவளோ ஒருத்தி நல்ல சுத்தத் தமிழ்ல, 'தங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களும் துணிந்து பட்டுப்புடவை அணிவது பாராட்டுக்குரியது'ன்னு ஒரு பிள்ளை போட்டோவுக்குக் கீழ எழுதியிருக்கா. பச்சை! எப்படி இருக்கு கூத்து? அந்தப் பிள்ளை அதைப் படிச்சிட்டு அந்தச் சேலையை மறுபடி தொட்டிருப்பாளா, சொல்லு?

ஏன் அப்படின்னு கேளு. அப்ப மூணு பேர்ல ரெண்டு பேர் மெட்ராஸ் ஆபீஸ்ல இருப்பாவ. நான் பச்சை அமுக்குவேன். அவிய ரெண்டு பேரும் 'மூதி'யைப் பாத்ததும் பதறிப்போய்ச் செவப்பு அமுக்குவாவ. ரெண்டுக்கு ஒண்ணு, நான் தோத்தேன். தெனமும் தோத்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை டமார் டமார்னு வைப்பேன். விஷயம் தெரிஞ்சவ ஒருத்தி கத்துதா, தெரியாதவ ரெண்டு பேர் சேந்து அவ வாயை அடைக்காவன்னா அது என்ன தீர்ப்பு? எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சும்மா.

எங்க டீம் லீடர் பேரு ஜெர்லின். நாகர்கோவில் பிள்ளை, இருபத்தெட்டு வயசு, தங்கமான குணம். என் முழுப்பேரு சண்முகவடிவு, அவ 'வடிவக்கா'ம்பா. அவகிட்டப் போயி, 'எட்டி, ஒங்க மிஷின் ஓரவஞ்சனை பண்ணுது. எங்க ஊரு பேச்சைப் பேசுனாக் குத்தவாளி, மெட்ராஸ்காரி மாதிரி பேசுனா யோக்கியமா?'ன்னு நின்னேன். அவ என்ன செஞ்சா, ஹெட் ஆபீஸ்காரங்களை வீடியோவுல கூப்பிட்டு, 'இந்த அக்கா பேசணும்ங்காவ'ன்னு என்னைய முன்னாடி தள்ளி விட்டுட்டா.

பேசுனேன் பாரு ஒரு பேச்சு! உக்காந்து பேச எனக்கு வராது, எந்திரிச்சு நின்னுட்டேன். 'சார், எங்க பக்கம் யாரு யாரைக் கேலி பண்ணலாம்னு பொறக்கும்போதே கணக்கு இருக்கு. அத்தை மவன், மாமன் மவ, மச்சான், மதினி, கொழுந்தியா, எல்லாம் கேலி முறை. இவிய கேலி பண்ணலைன்னாத்தான் ஏதோ மனஸ்தாபம்னு அர்த்தம். என் கல்யாணப் பந்தியில எங்க அண்ணன் நயினாரு, மாப்பிள்ளையைப் பாத்து, இந்தக் காக்காய்க்கா எங்க கிளியைக் குடுத்தோம்னு சத்தம் போட்டான். அவுக இலையில இருந்து எந்திரிக்காம சிரிச்சாவ. இன்னைக்கு வரைக்கும் மாமனும் மச்சானும் உசுருக்கு உசுரு. ஒங்க மிஷின் அன்னைக்கு இருந்திருந்தா எங்க அண்ணனைக் கழுத்தைப் பிடிச்சு மண்டபத்துக்கு வெளிய தள்ளியிருக்கும் சார்'னேன். எல்லாரும் கை தட்டிட்டாவ.

அதுக்குப் பொறவுதான் ரூல் வந்துச்சு. சனங்க கமெண்ட் போடுத அந்த ஆப்ல ஒருத்தரை ஒருத்தர் குடும்பம்னு சேத்துக்கிடலாம். அப்படிச் சேத்தவன் கமெண்ட் போட்டா, பக்கத்துல 'உறவு'ன்னு சின்னதா ஒரு அடையாளம் வரும். அடையாளம் இருந்தா வெட்டுவேன் குத்துவேன், இல்ல படு அசிங்கம், இது ரெண்டுக்கு மட்டும்தான் செவப்பு. மத்ததெல்லாம் கேலி. பச்சை. இன்னொண்ணும் கேட்டு வாங்கினேன். எங்க பக்கத்துப் பேச்சுன்னா மூணு பேரும் எங்க ஆபீஸ்லயே பாக்கணும், மெட்ராஸுக்குப் போகக் கூடாது. ஒரே மாசத்துல வாயடைப்பு பாதிக்கு மேல கொறைஞ்சு போச்சு. விழா வச்சு, கண்ணாடியில ஒரு ஷீல்டு குடுத்தாவ. வீட்ல டிவி மேல வச்சிருக்கேன். வாரவுகளெல்லாம் அது என்னன்னு கேப்பாவ, நானும் சொல்லுவேன். கேக்காட்டாலும் சொல்லுவேன்.

எங்க மவன் இசக்கிராஜாட்டயும் சொல்லிச் சொல்லி மாஞ்சேன். ஒத்தப் பிள்ளை. இஞ்சினியரிங் முடிச்சிட்டு வேலைக்குப் பாத்துக்கிட்டிருக்கான். ஒருநாள் சோறு தின்னுக்கிட்டே, 'அப்ப உறவுன்னு இருந்தா என்ன எழுதினாலும் மிஷின் விட்டுருமாம்மா?'ன்னான். 'வெட்டு குத்து இல்லாட்டி விட்டுரும்லே. அம்மா ரூலுல்லா!'ன்னேன். ஆபீஸ் சமாச்சாரம் வெளிய போகக் கூடாதுதான். பெத்த பிள்ளை என்ன வெளி ஆளா?

வீரவநல்லூர் வந்துட்டா? கொஞ்சம் தள்ளி உக்காரு, அந்த அம்மா பையை வைக்கட்டும். ஆங்.

இப்ப மதி கதைக்கு வாரேன். காந்திமதி. எங்க நயினார் அண்ணனுக்கு அவ ஒரே பொண்ணு, எங்க ராஜாவுக்கு முறைப்பொண்ணு. கணக்குல கெட்டிக்காரி. பத்தாங்கிளாஸ் கணக்கை அஞ்சு நிமிஷத்துல சொல்லிக் குடுத்து வீடியோ போடுவா. பதினோராயிரம் பேர் பாத்தாவம்மா! நான் ஒருநாள் பாத்தேன். அந்தக் காலத்துல எனக்கு ஏறாத வட்டத்துக் கணக்கு, அன்னைக்கு ஏறிட்டு. நாங்குநேரிப் பக்கம் ஒரு பிள்ளை 'ஒங்களாலதான்க்கா பாஸானேன்'னு எழுதியிருந்துச்சுன்னு எங்க மதினி எல்லார்ட்டயும் காட்டிக் காட்டிக் கண்ணைத் தொடைச்சா. நல்ல பிள்ளை. பல்லு கொஞ்சம் எடுப்பு, எங்க அப்பாவைக் கொண்டுருக்கா. நெறமும் ஒரு மட்டு. அதனால என்ன, லெச்சணமாத்தான் இருப்பா. எங்க ராஜாவுக்கு அவதான்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன்.

அத்தான்காரனுக்கு உரிமை இருக்குல்லா, அவ வீடியோவுக்குக் கீழ இவன் கேலி பண்ணியிருக்கான். அதுல என்ன தப்பு? பொறவு அவன் சேக்காளிய ஒன்பது பேர் சேந்திருக்கானுவ. ராஜா அவனுவளை எல்லாம் 'தம்பி'ன்னு குடும்பத்துல சேத்துட்டான். ராஜாவுக்குத் தம்பின்னா மதிக்கும் உறவுதானேன்னு மிஷின் கணக்குப் போட்டு ஒன்பது பேருக்கும் அடையாளம் குடுத்துட்டு. மூளையைப் பாத்தியா அவனுக்கு! அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் யோசிக்காத ஓட்டையை இவன் சோறு தின்னுக்கிட்டே கண்டுபிடிச்சிட்டான். வேலைதான் அமைய மாட்டேங்கு.

இந்த மதி என்ன பண்ணியிருக்கணும்? 'அத்தே, ராஜா அத்தான் ரொம்பச் சீண்டுது'ன்னு எங்கிட்ட ஒரு போன் போட்டிருக்கலாம்லா? செய்யல. நேரா ஆப்ல புகார் குடுத்திருக்கா. ரெண்டு தடவை மிஷினே பதில் அனுப்பிட்டு. 'இது உறவினர்களுக்கு இடையிலான கேலி. விதிமீறல் எதுவும் இல்லை.' அந்த வாசகம் நான் சொல்லி எழுதினது. மூணாவது தடவை, மிஷின் வேண்டாம், மனுசங்க பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கா. அது எங்க ஆபீஸுக்கே வந்திருக்கு! எங்களுக்கு எப்படித் தெரியும்? பேர் கெடையாதுல்லா. ஆயிரம் கமெண்டுக்கு நடுவுல இங்கன ஒண்ணு அங்கன ஒண்ணுன்னு கலந்து நாலு நாளா வந்திருக்கு. நானும் பக்கத்து சீட்டுக்காரியும் பச்சை அமுக்கித் தள்ளிட்டோம்.

மூணாவது ஆளு பானுன்னு ஒரு பிள்ளை. மேலப்பாளையம். சேந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. அவ மட்டும் செவப்பு செவப்புன்னு அமுக்கியிருக்கா. சாப்பாட்டு நேரத்துல எங்கிட்ட வந்து, 'அக்கா, ரெண்டு நாளா ஒரே மாதிரி பல்லைப் பத்தியே வருதுக்கா. ஒரே பிள்ளையைத்தான் சொல்லுதானுவளோன்னு இருக்கு'ன்னா. நான், 'ஒனக்கு மச்சானே கெடையாதாட்டி? கேலிக்கும் ஏச்சுக்கும் வித்தியாசம் தெரியல'ன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாவ. அந்தப் பிள்ளை டிபன் டப்பாவை மூடிட்டுப் போயிட்டு. ரெண்டுக்கு ஒண்ணு, தோத்துட்டா. சின்னப் பிள்ளை, போகப் போகத் தெரிஞ்சுக்கிடும்.

ஒரு ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வந்தான். வந்தவன் உக்காரல. 'வடிவு, என் பிள்ளை வீடியோவை எல்லாம் அழிச்சிட்டா. காலேஜ்ல வகுப்புக்கு முன்னாடி நின்னு பேசச் சொன்னா நிக்க மாட்டேங்காளாம். டீச்சராகணும்னு சொன்ன பிள்ளை, இப்பப் படிப்பையே நிறுத்திரட்டுமான்னு கேக்கா. இது ஒன் மவன் பண்ணின வேலை'ன்னான். 'அண்ணே, பிள்ளைங்க கேலிக்குள்ள நாம தலையிடலாமா? நீ எங்க வீட்டுக்காரவுகளைப் பந்தியில பேசாத பேச்சா?'ன்னேன். எங்க அண்ணன் என்னைய ஒரு பார்வை பாத்தான். 'நான் ஒரு தடவை சொன்னேன். அவரு சிரிச்சாரு. என் பிள்ளை சிரிச்சாளான்னு நீ பாத்தியா?'ன்னான். போட்ட காப்பியைத் தொடாமப் போயிட்டான். அவன் என் கையால ஒண்ணும் வாங்காமப் போனது எனக்கு நெனைவு தெரிஞ்சு அதான் மொதத் தடவை. அன்னைக்குப் பூரா அழுதேம்மா.

ராஜாவைக் கேக்காமலா? கேட்டேன். 'சும்மா வெளையாட்டுக்கும்மா'ன்னான். வெளையாட்டுக்குன்னு அவனே சொல்லுதான், பொறவு என்ன? சரின்னுட்டேன்.

அதுக்குள்ள மதி கம்பெனிக்கே நேரா ஒரு கடிதாசி எழுதிட்டா. அது ஜெர்லின் கைக்கு வந்துட்டு. வியாழக்கிழமை என்னைய உள்ள கூப்பிட்டா. 'வடிவக்கா, கோவப்படாதீய. ஒண்ணொண்ணாப் பாத்தா எல்லாம் பச்சை மாதிரிதான் இருக்கு. ஆனா பத்துப் பேரு, நாலு மாசம், ஒரே பிள்ளைக்கு. அப்படிச் சேத்து வச்சு நாம யாருமே பாக்கல. மொதல்ல இந்த மிஷின் பேச்சை வச்சு ஓரவஞ்சனை பண்ணுச்சு, நீங்க வந்து சரி பண்ணுனீய. இப்ப ஒறவை வச்சுப் பண்ணுது. சொந்தக்காரன்னா மனசு நோகப் பேச மாட்டான்னு நாமதானக்கா அதுக்குச் சொல்லிக் குடுத்தோம்?'ன்னா. ரூலை நிறுத்தி வச்சாச்சுன்னா. இனிமே ஒரே ஆளுக்கு வார கமெண்டை எல்லாம் ஒண்ணாச் சேத்து வச்சுத்தான் காட்டுவாங்களாம். எழுதினவன் உறவான்னு பாக்கதுக்கு முன்னாடி வாங்கினவ என்ன சொல்லுதான்னு பாப்பாங்களாம். போதாக்கொறைக்கு அதுக்குப் பானுதான் பொறுப்பாம்!

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு. கத்திக் கத்தி வாங்கினது. ஒரு பிள்ளை மூஞ்சியைத் தூக்கினதுக்காகத் தூக்கிட்டாவ. நான் விடுவேனா? 'அந்தப் பிள்ளையே எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, கேலிதான்னு சொல்லிட்டா?'ன்னு மடக்கினேன். ஜெர்லின் அந்தக் கடிதாசியை மடிச்சு வச்சா. 'அவளா, தானா, சொன்னாப் பாக்கலாங்க்கா'ன்னா. அவ்வளவுதானே! அதான் கெளம்பிட்டேன். மதியைப் பாத்து, தலையைத் தடவி, 'ஏட்டி, அத்தானுக்கு ஒம்மேல பிரியம், அதான் சீண்டுதான்'னு சொன்னா அவளுக்கும் சிரிப்பு வந்துரும். போனைப் போட்டுக் குடுத்துருவேன், பேசிருவா.

என்னம்மா கேக்கே? அப்படி என்னதான் எழுதினானுவளாங்கியா? கேளு, நல்லாக் கேளு. கேட்டாத்தான் ஒனக்கே தெரியும், இதுக்குப் போயா இந்தப் பாடுன்னு. மதி அழிக்கதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தாள்ல எடுத்து வச்சிருக்கா. அன்னைக்கு வந்த அண்ணன் அதை மேசையில போட்டுட்டுப் போனான். பையிலதான் இருக்கு, இரு. நான் முழுசா வாசிக்கல. எல்லாம் ஆபீஸ்ல பாத்ததுதானே. கண்ணாடி எங்க... ஆங். தேதி போட்டு வரிசையா இருக்கு. வாசிக்கேன், நீயே பச்சையா செவப்பான்னு சொல்லு.

'டீச்சரம்மா வந்துட்டாவ, எல்லாரும் எந்திரிங்கலே.' சிரிப்பா இருக்குல்லா? பச்சை. 'கணக்கெல்லாம் சரி, ஒன் பல்லு மொத்தம் எத்தனைன்னு எண்ணிச் சொல்லு பாப்போம்.' இவன் வேற! 'வீட்ல தேங்கா துருவ ஆள் வேணுமா, இந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்க.' இது நல்லா ஞாபகம் இருக்கு, ஆபீஸ்ல நான் விழுந்து விழுந்து சிரிச்சது. ஒனக்குச் சிரிப்பு வரல? சரி, சேலத்துக்காரிக்குக் கொஞ்சம் நேரம் கழிச்சுத்தான் புரியும்.

'லைட்டைப் போட்டுட்டு வீடியோ எடுட்டி, பல்லு மட்டும்தான் தெரியுது.' ம். 'லைட்டு போட்டாச்சா? இன்னும் தெரியலியே.' இது அதே நாள். அடுத்ததும் அதே நாள்தான். அதுவும் பல்லு. இதுவும். இதுவும். ஒரே நாள்ல ஒன்பது போட்டிருக்கானுவ. இப்படி வரிசையா வந்திருந்தா நாங்களும் கவனிச்சிருப்போம்மா. எங்களுக்கு அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுல்லா வந்துச்சு. 'நேத்து ஏன் வீடியோ போடல, பல் டாக்டர்ட்டப் போயிருந்தியோ?' ஓ, அவ ஒருநாள் போடாம இருந்திருக்கா. அதையும் விடல.

'எங்கம்மா இவளைத்தான் எனக்குப் பாத்து வச்சிருக்கா. யாராவது என்னையக் காப்பாத்துங்கலே.'

இது ராஜா.

இது வீட்டுக்குள்ள நான் பேசினதும்மா. அவன்ட்ட மட்டும் சொன்னது. அதைக் கொண்டு போயி அத்தனை பேர் பாக்குற எடத்துல... கீழ ஒன்பது பேரும் வரிசையா, 'ஐயோ பாவம் அண்ணன்', 'அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி'ன்னு... இதுக்கும் நான் பச்சைதான் போட்டேன். யாரோ ஒரு வீட்டு அம்மா, யாரோ ஒரு வீட்டுப் பையன்னு நெனைச்சேன். பக்கத்து சீட்டுக்காரிக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

கண்ணாடி மங்கலா இருக்கு, இரு. 'வாயை மூடிக்கிட்டுக் கணக்குச் சொல்லத் தெரியாதா?' இது அடுத்த வாரம். இதுக்குக் கீழ... 'இன்னைக்கு வாயைப் பொத்திக்கிட்டே பேசுதா பாருங்கலே. ஜெயிச்சிட்டோம்.'

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தப்ப அவ எங்கிட்ட அப்படித்தாம்மா பேசினா. கையை வாய்க்கு முன்னாடி வச்சுக்கிட்டு. சாப்பிடும்போதும் எடுக்கல. நான் பல்வலின்னு நெனைச்சுக் கிராம்பு எடுத்துக் குடுத்தேன், வச்சுக் கடிச்சுக்கோட்டின்னு. எம்மூஞ்சியை ஒரு நிமிசம் பாத்தா. 'சரித்தே'ன்னு வாங்கிக்கிட்டா.

என்னம்மா? போதுமா?

போதும்ங்கியா? இன்னும் மொதப் பக்கமே முடியல. முப்பதுகூட ஆகல. இருநூத்திப் பதினொண்ணு இருக்கு. ஒனக்கு அவ யாரோ எவரோ, மூஞ்சியைக்கூடப் பாத்தது கெடையாது. ஒன்னாலயே இதுக்கு மேல கேக்க முடியல. அவ ஒண்ணு விடாம அத்தனையும் வாசிச்சிருக்கா, தாயி. வாசிச்சிட்டு மூணு தடவை வந்து போதும்னு சொல்லியிருக்கா. ரெண்டு தடவை, நான் சொல்லிக் குடுத்த மிஷின் அவளைத் திருப்பி அனுப்பிட்டு. மூணாவது தடவை, மனுசங்க பாருங்கன்னு கேட்டு வந்தா. நாந்தாம்மா பாத்தேன்.